தூய கணிதமும் தீட்டுக் கணக்கும்

(ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் நடந்த மாணவர் முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

தோழர்களே, இந்த மலையில் பிறந்து படிக்க வந்திருக்கிற தம்பி தங்கைகளே,

கணித ஆராய்ச்சியைப் பத்திப் பேசறேன்னு சொன்னதும் முகாம் நடத்துற தோழர் ஒருத்தர் தயங்கினார். "சாதிச் சான்றிதழ் இருக்கு, காட்டு உரிமை இருக்கு, செம்மரக் கேசு இருக்கு. இதையெல்லாம் விட்டுட்டுக் கணக்கு எதுக்குத் தோழர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் இந்த ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. அந்தக் குடும்பங்கள் வாழற மலையில் நின்னுகிட்டு ஒருத்தன் பகா எண்ணைப் பத்திப் பேசினா கோபம் வரத்தான் செய்யும். கோபத்தோடயே கேளுங்க. இந்த நாட்டில் சிலருக்கு மூளை, மத்தவங்களுக்கு முதுகு என்று பங்கு பிரிச்சு வச்சிருக்காங்க இல்லையா, அந்தப் பங்கீட்டைப் பத்தித்தான் நானும் பேச வந்திருக்கேன்.

ஆராய்ச்சி உலகத்தில் கணிதத்தை ரெண்டாப் பிரிப்பாங்க. ஒண்ணு தூய கணிதம். மற்றது பயன்பாட்டுக் கணிதம். எண்களின் குணம் என்ன, வடிவங்களின் குணம் என்ன என்று, எதுக்கு உதவும்ங்கிற கேள்வியே இல்லாமல் தேடறது தூய கணிதம். பாலம், ராக்கெட், நோய்ப் பரவல், வெள்ளம் என்று ஒரு காரியத்துக்காகச் செய்யறது பயன்பாட்டுக் கணிதம். பழைய காலத்தில் இந்த ரெண்டாவதுக்கு ஐரோப்பாவில் 'கலப்புக் கணிதம்' என்றே பேர். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் நூறு வருசத்துக்கு முன்னாடி எம்.எஸ்ஸி. பட்டமே அந்தப் பேரில் இருந்தது.

தூய, கலப்பு. இந்த ரெண்டு வார்த்தையும் இங்கிலாந்தில் ஒரு மாதிரி ஒலிக்கும், நம்ம ஊரில் வேற மாதிரி ஒலிக்கும். அங்கே அதில் இருந்தது கனவான்களின் மேட்டிமை. கையில் அழுக்குப் படாதவன் உசத்தி என்ற எண்ணம். இங்கே அந்த எண்ணத்துக்கு ஏற்கனவே ஒரு சாஸ்திரம் இருந்தது, ஒரு தெரு இருந்தது, ஒரு கிணறு இருந்தது. அதனால 'தூய கணிதம்' இந்தியாவுக்கு வந்ததும் நேராக அக்கிரகாரத்துத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டது. சேரியிலிருந்தோ மலையிலிருந்தோ ஒருத்தன் தட்டுத்தடுமாறி மேல வந்தா, "உனக்கு எதுக்குப்பா அது? வேலை கிடைக்கிற மாதிரி ஏதாவது படி" என்கிறார்கள். நல்ல மனசோடதான் சொல்றாங்க. அதுதான் அதில் இருக்கிற ஆபத்து.

இங்கிருந்து ஆலங்காயம் போற ரோட்டில் காவலூர் இருக்கு. உங்களில் பாதிப் பேர் அந்த வெள்ளைக் குவிமாடத்தைப் பார்த்திருப்பீங்க. வைணு பாப்பு வானாய்வகம். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு ஆரம்பிச்சது. 1972இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தின் 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி வந்தது. 2.34 மீட்டர் கண்ணாடி உள்ள பெரிய தொலைநோக்கியை 1986 ஜனவரி 6ஆம் தேதி ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்தார். அதைக் கனவு கண்ட பாப்பு 1982லேயே இறந்துட்டார். அந்தக் கண்ணாடியை நம்ம நாட்டிலேயே பெங்களூரில் தேய்ச்சுத் தேய்ச்சு வருசக்கணக்காகப் பக்குவப்படுத்தினாங்க. ஏன் இந்த மலை? இருட்டு. ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டு. அப்புறம் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வடக்கு வானமும் தெற்கு வானமும் ரெண்டும் தெரியும். நமக்கு எது இல்லாமையோ அது அவர்களுக்கு மூலதனம். நான் இதைக் குத்தமாச் சொல்லல. அந்த ஆய்வகம் நல்லா இருக்கணும்னுதான் சொல்வேன். ஆனா மலையோட இருட்டைப் பயன்படுத்திக்கிட்ட அறிவு, மலைப் பிள்ளைகளுக்கு எவ்வளவு வந்து சேர்ந்ததுன்னு கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

அந்தக் குவிமாடத்துக்குள் என்ன நடக்குது? நட்சத்திரத்தோட வெளிச்சத்தைப் பிடிச்சு, வானவில் மாதிரி விரிச்சு, அதில் இருக்கிற கறுப்புக் கோடுகளைப் படிக்கிறாங்க. எந்தக் கோடு எவ்வளவு அழுத்தமா இருக்குன்னு பார்த்தா அந்த நட்சத்திரத்தின் வெப்பம் தெரியும். அதைக் கணக்குப் போட ஒரு சமன்பாடு இருக்கு. சாஹா சமன்பாடு. 1920. உலகத்தில் நட்சத்திர நிறமாலையைப் படிக்கிற எல்லோருக்கும் அது அடிப்படைப் பாடம்.

மேக்நாத் சாஹா யார் தெரியுமா? 1893இல் டாக்காவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மளிகைக் கடைக்காரர் ஒருத்தரின் மகனாகப் பிறந்தவர். தலித் என்று சொல்ல முடியாது. ஆனா வங்காளத்து மேல்சாதிகள் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத சாதி. நடுநிலைப் பள்ளிக்குப் போக வேற ஊரில் ஒரு வைத்தியர் இடம் கொடுத்தார். நிபந்தனை: தன் தட்டைத் தானே கழுவிக்கணும், மாட்டைப் பார்த்துக்கணும். 1905இல் வங்கப் பிரிவினை எதிர்ப்பில் கலந்துகிட்டதால் உதவித்தொகை போச்சு, பள்ளிக்கூடமும் போச்சு. கல்கத்தா போய்ப் பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் படித்தார். விடுதியில் சக மாணவர்கள் அவரோடு உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். சரஸ்வதி பூஜை மேடைப் பக்கம் வரக்கூடாது என்றார்கள். கல்விக் கடவுளுக்குப் பூஜை, கல்லூரியின் முதல் வரிசை மாணவனுக்குத் தடை! 1915இல் கலப்புக் கணித எம்.எஸ்ஸி.யில் சத்யேந்திரநாத் போஸ் முதலிடம், சாஹா இரண்டாமிடம். ஐந்து வருசத்தில் அந்தச் சமன்பாடு.

இன்னொரு விஷயம். பெற்றோர் வைத்த பேர் மேக்நாத், மேகங்களின் அதிபதி, அதாவது இந்திரன். இவர் அதை மேக்நாத் என்று கடைசி எழுத்தின் உச்சரிப்பை மாத்தி வேற பேராக்கிக்கிட்டார். அது இராவணன் மகன் இந்திரஜித்தோட பேர், இந்திரனைத் தோற்கடித்தவன் பேர். தமிழில் எழுதினால் ரெண்டும் ஒண்ணாத் தெரியும். வங்காளத்தில் அந்த ஓரெழுத்தில்தான் அரசியலே இருக்கு.

சமன்பாடு என்ன சொல்லுது? சூடு ஏற ஏற அணுவிலிருந்து எலக்ட்ரான் கழன்று ஓடும். அழுத்தம் கூடினால் திரும்ப ஒட்டிக்கும். இந்த இழுபறி எந்த இடத்தில் சமன் ஆகும் என்பதை வெப்பம், அழுத்தம் ரெண்டையும் வச்சுச் சொல்லிடலாம். அதுக்கு முன்னாடி வரைக்கும், கோடு தெரியலேன்னா அந்தத் தனிமம் அங்கே இல்லேன்னு நினைச்சுக்கிட்டிருந்தாங்க. சாஹா சொன்னது: இருக்கு, ஆனா அந்தச் சூட்டில் அது கண்ணுக்குப் படற நிலையில் இல்ல. இதைப் படிக்கிறப்பல்லாம் எனக்கு வேற ஞாபகம் வரும். உயர் நிறுவனத்தில் எங்களைக் காணோம்ங்கிறதால, எங்ககிட்ட அறிவே இல்லேன்னு முடிவு கட்டினவங்க ஞாபகம்.

1925இல் சிசிலியா பெய்ன் என்ற இளம்பெண் சாஹா சமன்பாட்டை வைத்து, நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜன் என்று கண்டுபிடித்தார். அதற்குப் பெரிய வானியலாளர் ஹென்றி ரஸ்ஸல் ஒத்துக்கல. தன் முடிவைத் தானே சந்தேகிப்பது மாதிரி ஒரு வரியை ஆய்வேட்டில் எழுத வேண்டி வந்தது. நாலு வருசம் கழிச்சு ரஸ்ஸலே அதை ஒப்புக்கொண்டார். அவர் படித்த கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு 1948 வரைக்கும் முழுப் பட்டம் கொடுக்கல. ஆக, ஒரு தாழ்த்தப்பட்ட சாதிக்காரனும் ஒரு பெண்ணும் சேர்ந்துதான் வானத்தைப் படிச்சுக் கொடுத்திருக்காங்க.

சாஹா பஞ்சாங்கத்தையும் விட்டு வைக்கல. சூரிய சித்தாந்தப்படி ஒரு வருசம் 365.2588 நாள். பருவகாலம் திரும்பி வர உண்மையில் ஆகறது 365.2422 நாள். வித்தியாசம் துளிதான். ஆனா 60 வருசத்துக்கு ஒரு நாள் தள்ளிப் போகும். 1,400 வருசத்தில் 23 நாள். சூரியன் நடுக்கோட்டைத் தாண்டறது மார்ச் 21 வாக்கில். நாம சித்திரை ஒண்ணு கொண்டாடறது ஏப்ரல் 14. கழிச்சுப் பாருங்க. தப்பான கணக்கில் நல்ல நேரம் கெட்ட நேரம் பார்த்துத் தட்சிணை வாங்கினவங்களைப் பார்த்து, கணக்கைத் திருத்துங்கய்யா என்று சொன்ன குழுவுக்குத் தலைவர் சாஹா. 1952இல் சுயேச்சையாக நின்று நாடாளுமன்றத்துக்கும் போனார். எல்லாம் வேதத்தில் இருக்கு என்று சொன்னவர்களைக் கிண்டல் பண்ணி எழுதினார். தாமோதர் நதி வெள்ளத் திட்டத்தில் அவர் கணக்குப் போட்டுக் கொடுத்ததை, வைசிராய் குழுவில் இருந்த பாபாசாகேப் அம்பேத்கர் அரசுத் திட்டமாக்க உழைத்தார். ரெண்டு பேரும் 1956இல் போய்ட்டாங்க.

திரும்பக் காவலூருக்கு வருவோம். 1988 பிப்ரவரி 17 ராத்திரி அங்கே ராஜமோகன் என்ற வானியலாளர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுத்துற கல். எண் 4130. அதற்கு வைத்த பேர் ராமானுஜன். உங்க மலையிலிருந்து கண்டுபிடிச்ச கல்லுக்குத் தூய கணிதத்தின் உச்சத்தில் இருந்தவர் பேர். கொஞ்ச ராத்திரிகளில் பார்த்த சில புள்ளிகளை வைத்து முழுப் பாதையையும் எப்படிச் சொல்ல முடியுது? அந்த வித்தையை 1801இல் கவுஸ் செய்து காட்டினார். அந்த வருசம் ஜனவரி 1ஆம் தேதி சீரிஸ் என்ற முதல் சிறுகோளைச் சிசிலித் தீவில் ஒரு பாதிரியார் பார்த்தார். நாப்பது நாள் பார்த்தார், அப்புறம் அது சூரியப் பக்கம் மறைஞ்சு போச்சு. எங்கே திரும்ப வரும்னு யாருக்கும் தெரியல. 24 வயசு கவுஸ் கணக்குப் போட்டுச் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே வருசக் கடைசியில் அது அகப்பட்டது. அதே 1801இல்தான் எண் கோட்பாட்டில் அவருடைய பெரிய புத்தகம் வந்தது. ஒரே ஆள், ஒரே வருசம்: தூயதும் கலப்பும். கவுஸின் அப்பா கொத்து வேலையும் தோட்ட வேலையும் பார்த்த கூலி. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊர்க் கோமகன் பணம் கொடுத்துப் படிக்க வச்சார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ராமானுஜனைப் பத்திப் பேசாமல் தமிழ்நாட்டில் கணிதம் பேச முடியாது. நம்ம தோழர்களில் சிலர் அவர் பேரைச் சொன்னாலே முகம் சுளிக்கிறாங்க. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அந்த மூளை மனித குலத்துக்குச் சொந்தம். ஆனா அவர் கதையில் தகுதி, திறமை என்று கூச்சல் போடுறவங்க வசதியாத் தாண்டிப் போற பக்கம் ஒண்ணு இருக்கு. ராமானுஜன் எப்.ஏ. பரீட்சையில் கும்பகோணத்திலும் தேறல, சென்னையிலும் தேறல. கணக்கைத் தவிர மத்ததில் கவனம் இல்ல. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாசம் 75 ரூபாய் வீதம் ரெண்டு வருசத்துக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. விதிப்படி அதுக்கு எம்.ஏ. வேணும். இவர்கிட்ட எந்தப் பட்டமும் கிடையாது. விதியைத் தளர்த்திக் கொடுத்தாங்க. நல்ல காரியம் செய்தாங்க. அது இல்லேன்னா உலகத்துக்கு எவ்வளவு நஷ்டம்! நான் கேட்கிறது ஒண்ணுதான். இதுக்குப் பேர் என்ன? பரீட்சையில் தோத்தவனுக்கு விதி தளர்த்தி இடம் கொடுத்தா அது மேதைமைக்கு மரியாதை. அதையே எங்க பிள்ளைக்குக் கொடுத்தா தரம் கெட்டுப் போச்சுன்னு தலையங்கம். தோல்வி எல்லா மேதைக்கும் வரும். தோத்ததுக்கப்புறம் கலெக்டர், எஞ்சினியர், பேராசிரியர் என்று கதவு கதவாகத் தட்டுறதுக்கு அறிமுகக் கடிதம் யாருக்குக் கிடைக்கும் என்பதுதான் சாதி.

சரி, அந்தக் கல்லுக்குப் பேர் வைக்கிற அளவுக்கு அவர் என்ன செய்தார்? ஒண்ணே ஒண்ணு சொல்றேன், எல்லோருக்கும் புரியும். நாலு கூழாங்கல் எடுத்துக்குங்க. அதை எத்தனை விதமாக் குவியல் போடலாம்? நாலும் ஒரே குவியல். மூணு, ஒண்ணு. ரெண்டு, ரெண்டு. ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு. தனித்தனியா நாலு. மொத்தம் 5 விதம். இதுக்குப் பேர் பிரிவினை. 9 கல்லுக்கு 30 விதம். 14க்கு 135. 19க்கு 490. அஞ்சஞ்சாத் தாண்டிப் போறோம். விடை எல்லாமே அஞ்சால் வகுபடுது. கடைசி வரைக்கும், முடிவே இல்லாமல், இப்படியேதான் என்று ராமானுஜன் நிரூபித்தார். 200 கல்லுக்கு 3,972,999,029,388 விதம். இதைக் குவியல் போட்டு எண்ண எந்த ஆயுசும் போதாது. ஹார்டியும் ராமானுஜனும் 1918இல் அதைக் கணக்கிட ஒரு சூத்திரம் கொடுத்தாங்க. எதுக்கு? ஒண்ணுக்கும் இல்ல, தெரிஞ்சுக்கத்தான். ஆனா 1937இல் நீல்ஸ் போர் அணுக்கருவின் ஆற்றலைக் கணக்கிட அதே கணிதத்தை எடுத்துக்கிட்டார். 1946இல் டெல்லியில் ஆலக், கோத்தாரி இருவரும் வாயுத் துகள்களின் கணக்குக்கு எடுத்துக்கிட்டாங்க. தூய கணிதத்தின் கற்பு அவ்வளவுதான்.

ஹார்டி கதை இன்னும் வேடிக்கை. நான் செய்த கணக்கு எதுவும் உலகத்தில் எந்தக் காரியத்துக்கும் உதவாதுன்னு 1940இல் பெருமையோட எழுதின ஆள். பகா எண்கள் யுத்தத்துக்கு உதவாது என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி. உலகப் போரைப் பார்த்தவர், அந்த நிம்மதியை நான் கேலி பண்ண மாட்டேன். ஆனா 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடல்மன் என்று மூணு பேர் பகா எண்ணை வைத்துப் பூட்டு செய்தாங்க. 53ஐயும் 59ஐயும் பெருக்கினால் 3,127, அது சுலபம். 3,127ஐக் கொடுத்து எந்த ரெண்டைப் பெருக்கினதுன்னு கேட்டா உக்காந்து தேடணும். எண்ணை நூற்றுக்கணக்கான இலக்கமா ஆக்கிட்டா கம்ப்யூட்டரும் திணறும். பேங்க்குக்காரனும் பட்டாளத்துக்காரனும் ரகசியத்தை அதில்தான் பூட்டறாங்க.

நமக்கு முக்கியமானது ஹார்டியோட இன்னொரு வேலை. 1908இல் மரபியல் நண்பர் ஒருத்தர் கேட்ட சந்தேகத்துக்கு ஒரு பத்திரிகைக் கடிதத்தில் பதில் எழுதினார். எல்லோரும் எல்லோரோடும் தடையில்லாமல் கல்யாணம் செய்துகொள்கிற மக்கள் கூட்டத்தில், ஒரு குணத்துக்கான மரபுக் கூறுகள் எந்த விகிதத்தில் இருக்கும்? ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர். ஒன்பதாம் வகுப்புச் சூத்திரம்தான். தலைமுறை தலைமுறையா அந்த விகிதம் மாறாது. இவ்வளவு சின்ன விஷயத்தை எழுதறோமேன்னு கூச்சப்பட்டு எழுதினார். இன்றைக்கு மக்கள்தொகை மரபியலுக்கு அதுதான் வாசற்படி. ஒரு நாட்டில் உண்மையான எண்ணிக்கை அந்த விகிதத்தைவிட்டு விலகி நின்றால், கலப்பு இருக்க வேண்டிய அளவு இல்லாமல் குறைஞ்சிருந்தால், அங்கே யாரோ வேலி போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த வேலியைப் பத்தி 1916 மே 9ஆம் தேதி நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில், 25 வயசு அம்பேத்கர் கட்டுரை வாசித்தார். சாதியின் உயிர்நாடி அகமணம்தான். புறமணம் இருந்த சமூகத்தின் மேல் அகமணத்தை ஏற்றி வைத்ததுதான் சாதி என்றார். அப்போ டி.என்.ஏ. என்ன வடிவம்னே யாருக்கும் தெரியாது. கிட்டத்தட்ட நூறு வருசம் கழிச்சு, 2013இல், ஹைதராபாத் செல் மூலக்கூறு உயிரியல் மையமும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து கணக்குப் போட்டாங்க. ரெண்டு கூட்டம் கலக்கும்போது மரபுத் துண்டுகள் நீளமா இருக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் வெட்டுப்பட்டுக் குட்டையாகும். துண்டின் நீளத்தை அளந்தால் கலந்து எத்தனை தலைமுறை ஆச்சுன்னு சொல்லிடலாம். விடை: சுமார் 4,200 வருசத்துக்கும் 1,900 வருசத்துக்கும் இடையில் இந்தியாவில் பரவலாகக் கலப்பு நடந்திருக்கு. அப்புறம் நின்னு போச்சு. 2016இல் வங்காளத்துக் கல்யாணி தேசிய உயிர் மருத்துவ மரபியல் நிறுவனத்தார் போட்ட கணக்கில், பல மேல்சாதிகளில் ஏறக்குறைய 70 தலைமுறைக்கு முன்னாடி கதவு அடைபட்டிருக்கு. குப்தர் காலம் வாக்கில். ஆதியிலிருந்தே நாங்க தனி, கடவுளே பிரிச்சு வச்சார் என்ற கதைக்கு டி.என்.ஏ. தேதி போட்டுக் கொடுத்திடுச்சு. எந்தப் பயனும் இல்லாத கணக்குன்னு பெருமைப்பட்டவரின் ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் நம்ம கையில் வந்து நிக்குது பாருங்க.

கணக்கு எப்பவும் மேல இருந்துதான் கீழ வருமா? நான் வாணியம்பாடிப் பக்கம் ஒரு சேரியில் பிறந்தவன். எங்கப்பா டேனரியில் வேலை பார்த்தார். பதப்படுத்தின தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் விப்பாங்க. ஆட்டுத் தோலுக்கு ஏது நீளம் அகலம்? கால் ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம். அதை அளக்க ஒரு மெஷின் இருந்தது. வரிசையா முள் சக்கரங்கள். தோல் உள்ளே போகும்போது எந்தச் சக்கரத்துக்கு அடியில் தோல் இருக்கோ அது மட்டும் சுத்தும். ஒவ்வொரு சக்கரமும் ஒரு மெல்லிய பட்டையின் நீளத்தைச் சொல்லும். அத்தனையும் கூட்டினா பரப்பளவு. பட்டையை மெலிசாக்க மெலிசாக்க விடை துல்லியமாகும். கல்லூரியில் தொகை நுண்கணிதம் நடத்தினப்போ எனக்கு அந்த மெஷின் சத்தம் கேட்டது. இதைத்தானே எங்கப்பா கையால் தள்ளிக்கிட்டிருந்தார்! வகுப்பில் இதைச் சொன்னப்போ சிரிச்சாங்க. தோல்ங்கிற வார்த்தைக்குத்தான் சிரிச்சாங்க.

பழைய ஊர்க் கணக்கும் அப்படித்தான். நிலத்தில் கோல் பிடிச்சு வெயிலில் நடந்தவர் வெட்டியான். நிழலில் உட்கார்ந்து ஏட்டில் எழுதினவர் கணக்குப்பிள்ளை. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி 1,02,400இல் ஒரு பங்கு. இவ்வளவு நுணுக்கமான பின்னம் உள்ள மொழி நம்ம மொழி. பெருமைதான். ஆனா அந்த நுணுக்கம் எதுக்குப் பிறந்தது? நெல்லில் யாருக்கு எவ்வளவு என்று பங்கு போட. அறுத்தவனுக்குக் கடைசியாகக் கிடைச்ச பங்கு எவ்வளவுன்னும் சேர்த்துத்தான் அந்தப் பெருமையைப் பேசணும்.

நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த இடத்தில், பேர் வேண்டாம், எண் கோட்பாடு செய்யறேன்னு சொன்னேன். "உங்களுக்கெல்லாம் புள்ளியியல் பக்கம் போனா சீக்கிரம் முடிச்சுடலாம், வேலையும் கிடைக்கும்" என்றார் ஒரு பேராசிரியர். அந்த 'உங்களுக்கெல்லாம்' என்ற சொல்லில் எத்தனை பேர் இருந்தாங்கன்னு அவர் எண்ணிப் பார்த்திருப்பாரோ என்னவோ. புள்ளியியல் மட்டமான படிப்பு இல்ல. நமக்கு ரொம்பத் தேவை. கடைசியாச் சாதி முழுசும் எண்ணப்பட்ட கணக்கெடுப்பு 1931. அதை வச்சுக்கிட்டு எத்தனை வருசம் குருட்டுக் கணக்குப் போட்டாங்க! ஆனா அதை நான் தேர்ந்தெடுக்கணும். எனக்காக இன்னொருத்தர் தேர்ந்தெடுத்தா அது குலத்தொழில்தான், பட்டம் கொடுக்கிற குலத்தொழில்.

இது தனி ஆள் மனசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்ல. சட்டத்திலேயே இருக்கு. மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பணிக்கு இடஒதுக்கீடு பத்தி 2019இல் ஒரு சட்டம் வந்தது. அதில் நாலாவது பிரிவு, சில உன்னத நிறுவனங்களுக்கு விதிவிலக்கு கொடுக்குது. பின்னால் இருக்கிற அட்டவணையைப் படிங்க. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். அலகாபாத் ஹரீஷ் சந்திரா ஆராய்ச்சி நிறுவனம். 1962இல் ஆரம்பிச்ச நம்ம சென்னைக் கணித அறிவியல் நிறுவனம். கல்கத்தா அணுக்கரு இயற்பியல் நிறுவனம், அதுக்கு யார் பேர் தெரியுமா? சாஹா. பந்தியிலிருந்து விலக்கப்பட்டவர் பேரை வாசலில் எழுதிட்டு, இங்கே ஒதுக்கீடு கிடையாதுன்னு உள்ளே எழுதியிருக்கு. தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படி நூத்துக்கு 20 பேர் பட்டியல் சாதி, ஒருத்தர் பழங்குடி. தூய கணிதம் நடக்கிற இந்த இடங்களில் ஆசிரியர் நாற்காலியில் அந்த 21 பேர் உட்காரணும்னு எந்தச் சட்டமும் சொல்லல. இதை எதிர்த்து நம்ம இயக்கங்கள் போட்ட போஸ்டர் எத்தனை? பிஸ்கட் கம்பெனியில் ஒதுக்கீடு கேட்கிறோம், சரிதான். இதையும் கேட்கணுமா இல்லையா?

உள்ளே இருந்துகிட்டே சண்டை போட்டவங்களும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் கணிதப் பேராசிரியராக இருந்த வசந்தா கந்தசாமி. அங்கே சமூக நீதிக்காக வருசக்கணக்கில் போராடினதுக்காக 2006இல் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அவருடைய தூய கணிதம் அரைக்குலங்கள், வளையங்கள் என்ற இயற்கணிதம். அதோடு தெளிவில்லாத் தர்க்கம் என்ற கணிதத்தை எடுத்து, ஆம் இல்லை என்று ரெண்டே பதிலில் அடங்காத சமூகப் பிரச்சினைகளைப் படிக்கப் பயன்படுத்தினார். தமிழகக் கிராமத்திலிருந்து கூலிக்கு வெளியூர் போய் எச்.ஐ.வி.யோடு திரும்பினவங்களின் நிலையைப் பத்தி 2004இல் ஒரு புத்தகம், தீண்டாமை பத்திப் பெரியார் கருத்துகளை அதே முறையில் ஆராய்ந்து 2005இல் ஒரு புத்தகம். அந்த முறை எவ்வளவு தூரம் போகும் என்பதில் எனக்குச் சில கேள்விகள் இருக்கு. அது வேற விவாதம். கணிதத் துறையில் உட்கார்ந்துகிட்டு இந்தக் கேள்விகளைக் கணிதமாக்க ஒரு ஆளுக்குத் தோணிச்சே!

தம்பி தங்கைகளே, நீங்க டீச்சர் ஆகுங்க, வி.ஏ.ஓ. ஆகுங்க. இந்த மலையிலிருந்து ஒரு பொண்ணு சிவில் நீதிபதி தேர்வில் ஜெயிச்சிருக்கு. உங்களில் ரெண்டு பேர், ரெண்டே ரெண்டு பேராவது, பயனே இல்லாத கணக்குக்கு வாங்க. "இதனால் உங்க சமூகத்துக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்பாங்க. ஹார்டியிடம் யாரும் அப்படிக் கேட்கல. ராமானுஜனிடம் கேட்கல. நம்மகிட்ட மட்டும் எப்பவும் உழைப்புக்கு ரசீது கேட்கிறாங்க. இயக்கத் தோழர்களும் அதே ரசீதைக் கேட்காதீங்க என்பதுதான் என் வேண்டுகோள். மாவட்டத்துக்கு ஒரு வாசிப்பு வட்டம், தமிழில் கணக்குப் புத்தகம், நுழைவுத் தேர்வுக்கு ஒரு மாச விடுதி: இதுக்குப் பெரிய பணம் வேண்டாம். இன்னிக்கி சாயங்கால அமர்வில் இதைத் தீர்மானமாக் கொண்டு வரணும்னு கேட்டிருக்கேன். யார் யார் பொறுப்பு எடுத்துக்கறீங்கன்னு பேரைக் கொடுங்க.

சாப்பாட்டுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கு. வெளியே கூழாங்கல் நிறையக் கிடக்கு. நாலு கல்லுக்கு 5 விதம்னு சொன்னேன். அஞ்சு கல்லுக்கு 7. ஆறு கல்லுக்கு எத்தனை விதம்னு குவியல் போட்டுப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. அப்புறம் கேள்விகளை எடுத்துக்கலாம்.